எந்தக் குழலுக்கு எந்தப் பெல்லட்?

வாசகர் கேள்வி – வேளாண் அலுவலர் பதில்

கேள்வி: இரண்டு ஏக்கரில் நிலக்கடலையும் ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளமும் போட்டிருக்கிறோம். மயிலும் கிளியும் வந்து இறங்கினால் பாதி வெள்ளாமை போய்விடுகிறது. பறவையைச் சுடுவதில்லை. கம்பத்தில் தகரம் கட்டி, ஏர் கன்னால் அதில் அடித்துச் சத்தம் கிளப்பி விரட்டுகிறோம். வீட்டில் மூன்று ஏர் கன் இருக்கிறது. என்னுடையது ஒன்று, மச்சானுடையது ஒன்று, பெரியப்பா காலத்துப் பழையது ஒன்று. கடையில் 4.5 என்று கேட்டு ஒரே டப்பா பெல்லட் வாங்கினேன். என் துப்பாக்கியில் கட்டை விரலால் அழுத்தினாலும் முழுசாக உள்ளே போகவில்லை. மச்சானுடையதில் வழுக்கிக்கொண்டு போகிறது. பெரியப்பா துப்பாக்கியில் போட்டால் மறுமுனை வழியாகக் கீழே விழுகிறது. போன வாரம் தகரத்துக்கு வைத்த குறி, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூம் சுவரில் போய்ப் பட்டது. அங்கே பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டப்பா சரியில்லையா, துப்பாக்கி சரியில்லையா?
– திருப்பூர் மாவட்ட வாசகர்

பதில்: டப்பாவிலும் குறை இல்லை, முதல் இரண்டு துப்பாக்கியிலும் குறை இருக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். மூன்றாவது துப்பாக்கியின் கதை வேறு. அதைத் தனியாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வார்த்தை: மோட்டார் ரூம் சுவரில் பட்டதோடு போயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். 4.5 மி.மீ. பெல்லட் முந்நூறு மீட்டருக்கு மேலும் பறக்கக்கூடியது. களை எடுப்பவர்களின் கண்ணில் பட்டிருந்தால் அந்தக் கண் திரும்பி வராது. பொருத்தமான பெல்லட் கிடைக்கும்வரை, தகரத்துக்குப் பின்னால் மண்மேடு அமைக்கும்வரை, துப்பாக்கியை எடுக்காமல் இருங்கள்.

4.5 என்றால் எல்லாம் ஒரே அளவா?

இல்லை. 4.5 மி.மீ. என்பது பொதுவாக வைத்த பெயர். பாயிண்ட் 177 என்று சொல்வதும் இதைத்தான் (0.177 அங்குலம்). 8 நம்பர் செருப்பு என்று கேட்டு வாங்கினாலும் ஒரு கம்பெனி செருப்பு காலைப் பிடிக்கும், இன்னொன்று கழன்று ஓடும் அல்லவா, அதுபோல. நல்ல கம்பெனிகள் பெல்லட்டின் தலை அளவை டப்பாவின் மேலேயே 4.49, 4.50, 4.51, 4.52, 4.53 என்று அச்சிட்டு விற்கின்றன. துப்பாக்கிக் குழலும் அப்படித்தான். ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதிரி செய்த இரண்டு குழல்களுக்கு இடையிலும் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும்.

நூறில் ஒரு பங்கு என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 0.07 மி.மீ. அதைவிட மெல்லிய வித்தியாசம்தான். ஆனால் ஏர் கன்னில் வேலை செய்வது காற்று. அடிபம்பில் வாசர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறுகிறதா? வாசர் பம்பின் சுவரைப் பிடித்தால்தான் நீர் மேலே வரும். பெல்லட்டும் குழலுக்குள் ஒரு வாசர் மாதிரிதான்.

பெல்லட்டின் உடல் அமைப்பு

ஒரு பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னால் தலை, நடுவில் இடுப்பு, பின்னால் உள்ளே குழிந்த பாவாடை. உடுக்கை போல இருக்கும். குழலின் உள்சுவரில் திருகு திருகாக வரி வெட்டியிருப்பார்கள். தலை அந்த வரிமேடுகளின் மீது லேசாக உரசிக்கொண்டு நேராகப் போகும். பாவாடை, பின்னால் தள்ளும் காற்றின் அழுத்தத்தில் விரிந்து, வரிப்பள்ளங்களை அடைத்துக் காற்று கசியாமல் பிடிக்கும். வரி திருகலாக இருப்பதால் பெல்லட் சுழன்றுகொண்டே வெளியேறும். பம்பரம் சுழலும்வரை நிற்கிறது, நின்றால் சாய்கிறது. பெல்லட்டும் சுழன்றால்தான் நேராகப் போகும்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். உங்கள் துப்பாக்கியில் பெல்லட் இறுக்கம். பாதி வெளியே நிற்கும்போது குழலை மூடினால் பாவாடை நசுங்கும். நசுங்கிய பாவாடை ஒரு பக்கம் காற்றை விடும். பெல்லட் வெளியே வந்ததும் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சில நேரம் குழலுக்குள்ளேயே சிக்கி நின்றுவிடும். அப்படி நின்றால், அடுத்த பெல்லட்டைப் போட்டு இதைத் தள்ளிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

மச்சான் துப்பாக்கியில் தளர்வு. தலை வரியைத் தொடவில்லை, சுழற்சி கிடைக்கவில்லை. காற்று பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் கொடுக்கும் எதிர்ப்பினால் உள்ளே ஒரு காற்று மெத்தை உண்டாகி, பிஸ்டன் மெதுவாக வந்து நிற்கும். பெல்லட் தளர்வாக இருந்தால் மெத்தை இல்லை, பிஸ்டன் போய் மோதும். ஸ்பிரிங்கும் வாசரும் சீக்கிரம் கெடும். பெல்லட்டே போடாமல் வெறும் துப்பாக்கியை இழுத்துச் சுடக் கூடாது என்பதும் இதனால்தான்.

பெரியப்பாவின் துப்பாக்கி

4.5 பெல்லட் மறுமுனையில் விழுகிறது என்றால் அது 5.5 மி.மீ. குழலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குழலின் மேலோ, குழல் மடங்கும் இடத்துக்குப் பக்கத்திலோ எண் பொறித்திருக்கும். 4.5 அல்லது 177 என்று இருக்கிறதா, 5.5 அல்லது 22 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

5.5 என்று இருந்தால் கடைக்குப் போய் 5.5 பெல்லட் வாங்கிப் பொருத்தம் பார்க்கும் வேலை வேண்டாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் அளவு 4.5 மி.மீட்டருக்கு மேல் இருந்தாலோ, பெல்லட் வெளியேறும் வேகசக்தி 20 ஜூலுக்கு மேல் இருந்தாலோ அந்த ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டும். பெரியப்பா காலத்தில் எப்படி வாங்கினார் என்பது இப்போது உங்களுக்கு உதவாது. பரணில் ஏற்றி மறைத்து வைப்பதும் தீர்வல்ல. உள்ளூர் காவல் நிலையத்திலோ, ஆட்சியர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமம் பார்க்கும் பிரிவிலோ நீங்களே போய்ச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் சாதாரணத் துப்பாக்கி 20 ஜூலுக்குள் இருக்குமா என்ற சந்தேகம் வரும். அரை கிராம் எடையுள்ள பெல்லட் விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போனால் சக்தி சுமார் 8 ஜூல். 20 ஜூலை எட்ட வேண்டுமானால் அதே பெல்லட் 280 மீட்டருக்கு மேல் போக வேண்டும். வாங்கும்போது துப்பாக்கியின் விவரத்தாளில் இதைப் பார்த்து வாங்குங்கள். பில்லைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

பொருத்தம் பார்க்கும் முறை

ஐந்து படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே செய்யுங்கள்.

ஒன்று, பெல்லட்டைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். பாவாடை நசுங்கியது, தலையில் பிசிறு உள்ளது, வெள்ளைப் பூச்சு பூத்தது எல்லாவற்றையும் தனியாக ஒதுக்குங்கள். கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் உதிரிப் பெல்லட்டில் நசுங்கல் அதிகம் இருக்கும். டப்பாவில், மேலே பஞ்சோ ஸ்பாஞ்சோ வைத்து வருவது நல்லது. முதலிலேயே பெரிய டப்பா வாங்காதீர்கள். மூன்று நான்கு வகையில் சிறிது சிறிதாக வாங்கிப் பாருங்கள். தலை அளவு அச்சிட்டிருந்தால் உங்களுக்கு 4.49 அல்லது 4.50, மச்சானுக்கு 4.52 அல்லது 4.53 என்று தொடங்கலாம். அளவு அச்சிடாத டப்பாவாக இருந்தால் லேத் பட்டறையில் ஸ்க்ரூ கேஜ் இருக்கும், அளந்து தருவார்கள். ஈயம் மெதுவானது. கேஜை இறுக்கித் திருகினால் பெல்லட் அமுங்கி அளவு தவறிவிடும்.

இரண்டு, விரல் சோதனை. குழலை மடக்கும்போது ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவினால் குழல் மேலே அடித்து விரலை நசுக்கிவிடும். துப்பாக்கியின் வாய் எப்போதும் மண்மேட்டைப் பார்த்தே இருக்கட்டும். பெல்லட்டை வைத்துக் கட்டை விரலால் மிதமாக அழுத்துங்கள். பின்விளிம்பு குழலின் விளிம்போடு சமமாகப் போய் உட்கார்ந்தால் சரி. தானாக உள்ளே நழுவினால் தளர்வு. நகத்தால் குத்தித் தள்ள வேண்டியிருந்தால் இறுக்கம். ஒரு டப்பாவில் பத்து பெல்லட்டாவது இப்படிப் பாருங்கள். பத்தில் நான்கு ஒரு மாதிரி, ஆறு வேறு மாதிரி உட்கார்ந்தால் அந்த டப்பாவே வேண்டாம்.

மூன்று, துணிச் சோதனை. ஓர் அட்டைப் பெட்டியில் பழைய துணியை ஓரடி கனத்துக்கு இறுக்கி அடையுங்கள். பெட்டிக்குப் பின்னால் மணல் மூட்டை வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மீட்டரிலிருந்து ஒரு பெல்லட்டை அதில் சுட்டு, எடுத்துப் பாருங்கள். பாவாடையைச் சுற்றிலும் சாய்ந்த கோடுகள் சீராக விழுந்து, தலையிலும் மெல்லிய கோடு தெரிந்தால் பொருத்தம் நன்று. பாவாடையில் மட்டும் கோடு, தலை மழமழவென்று இருந்தால் தலை சிறிது. ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எந்த வகைப் பெல்லட்டிலும் எங்குமே கோடு விழவில்லை என்றால் அது வரி வெட்டாத வெறுங்குழலாக இருக்கலாம். மலிவான துப்பாக்கிகள் சிலவற்றில் அப்படி உண்டு. அதில் எந்தப் பெல்லட் போட்டாலும் தூரத்தில் குறி நிற்காது. வரி இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் குழலுக்குள் கண்ணை வைக்க வேண்டாம். பழுது பார்ப்பவர் கழற்றிப் பார்த்துச் சொல்வார்.

நான்கு, காகிதச் சோதனை. இதுதான் கடைசித் தீர்ப்பு. காற்று இல்லாத காலை நேரத்தில், 10 மீட்டரில், மண்மேட்டுக்கு முன்னால் ஓர் அட்டையில் வெள்ளைத் தாளை ஒட்டி நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். மணல் மூட்டை மேல் உங்கள் கையை வைத்து, கையின் மேல் துப்பாக்கியை வையுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை நேராக மூட்டையின் மேலோ கட்டையின் மேலோ வைத்தால் உதறி எழும்பும். இறுக்கிப் பிடிக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி லேசாகப் பிடியுங்கள். பெல்லட்டின் வகையை மாற்றிய பிறகு முதல் பத்து இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலில் பழைய ஈயப் பூச்சு மாறுவதற்கு அவ்வளவு வேண்டும். பிறகு ஐந்து ஐந்தாக மூன்று தாளில் சுடுங்கள்.

துளைகள் புள்ளியில் விழுந்தனவா என்று பார்க்க வேண்டாம். ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று மட்டும் பாருங்கள். குறியைப் பிறகு திருகித் திருத்திக்கொள்ளலாம். சிதறலைத் திருத்த முடியாது. ஐந்து துளையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் (27 மி.மீ.) அடங்கினால் தோட்டத்துத் துப்பாக்கிக்கு அது நல்ல பொருத்தம். ஒரு சாண் பரப்பில் சிதறினால் அந்தப் பெல்லட்டை அந்தத் துப்பாக்கிக்குப் போடாதீர்கள்.

ஐந்து, எழுதி வையுங்கள். தேதி, எந்தத் துப்பாக்கி, பெல்லட்டின் பெயர், தலை அளவு, எடை, டப்பாவில் உள்ள லாட் எண், சிதறல் எத்தனை மி.மீ. என்று ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்த டப்பா வாங்கும்போது அதே லாட் கிடைக்காவிட்டால் மறுபடி ஒரு தாள் சுட்டுப் பாருங்கள்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்தப் போட்டியின் துப்பாக்கியும் 4.5 மி.மீ. தான். அங்கே இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அந்த மட்டத்து வீரர்கள் ஒரே கம்பெனிப் பெல்லட்டிலேயே லாட் லாட்டாக வாங்கி, துப்பாக்கியை இடுக்கியில் பூட்டிச் சுட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு அரை மில்லிமீட்டர் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாமல் இருந்தால் போதும். அதற்கும் வழி இதே சோதனைதான்.

வடிவமும் எடையும்

தட்டைத் தலை பெல்லட் காகிதத்தில் வட்டமாகத் துளை வெட்டும். 10 மீட்டர் இலக்குக்கு ஏற்றது. உருண்டைத் தலை பெல்லட் காற்றைச் சீராகக் கிழித்துப் போகும், கொஞ்சம் தூரத்துக்கு அதுதான் நல்லது. கூர்த் தலை பார்க்க மிரட்டலாக இருக்கும். முனை சிறிது கோணினாலும் குறி மாறும். எடையைக் கிரெய்ன் என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். 8 கிரெய்ன் என்றால் சுமார் அரை கிராம். சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கிக்கு 7 முதல் 8.5 கிரெய்னுக்குள் இருக்கட்டும். மிகவும் லேசான பெல்லட் வேகம் காட்டும், ஆனால் பிஸ்டனை மோத விடும். மிகவும் கனமானது பிஸ்டனைத் திருப்பி உதைக்க வைக்கும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெல்லட் தீர்ந்துவிட்டது என்று சைக்கிள் பால்ரஸ் குண்டைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 3/16 அங்குலக் குண்டு 4.76 மி.மீ. – குழலை விடப் பெரிது, சிக்கும். 5/32 அங்குலக் குண்டு 3.97 மி.மீ. – உருண்டு ஓடும். இரண்டுமே இரும்பு, குழலின் வரியைச் சிராய்த்துவிடும். இரும்புக் குண்டு கல்லிலோ தகரத்திலோ பட்டால் ஈயம்போலச் சப்பையாகாது, அப்படியே திரும்பி வரும். சுட்டவரின் கண்ணுக்கே வரும். கடையில் விற்கும் இரும்புப் பி.பி. குண்டும் வரி வெட்டிய குழலுக்கு ஆகாது. தளர்வான பெல்லட்டுக்குக் காகிதம் சுற்றுவது, டேப் ஒட்டுவது, ஆணி, தீக்குச்சி போடுவது எதுவும் வேண்டாம்.

பெல்லட் எல்லாம் மாற்றியும் வேகம் இல்லையா?

அப்போது பெல்லட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. குழல் மடங்கும் இடத்தில் உள்ள வாசரைப் பாருங்கள். துப்பாக்கியை மண்மேட்டை நோக்கி வைத்து, அந்த மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைப் போட்டுச் சுடுங்கள். கைவிரலை அங்கே வைக்க வேண்டாம். காகிதம் துள்ளிப் பறந்தால் காற்று அங்கே கசிகிறது. வாசரை மாற்றினால் தீரும். பழைய துப்பாக்கிகளில் பிஸ்டனுக்குத் தோல் வாசர் இருக்கும். அது காய்ந்து சுருங்கினாலும் வேகம் விழும்.

தகரத்தைப் பற்றி

தகரத்தை நேராகத் தொங்கவிடாதீர்கள். மேல்விளிம்பு உங்கள் பக்கம் சாய்ந்தபடி கட்டினால் பெல்லட் தரையை நோக்கித் தெறிக்கும். பின்னால் ஆள் உயரத்துக்கு மண்மேடு வேண்டும். பக்கத்துத் தோட்டம், பாதை, வாய்க்கால் கரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்துச் சுடவே கூடாது. கண்ணாடி இல்லாமல் சுடக் கூடாது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, அதே சத்தத்துக்கு இன்னொரு வழியும் சொல்கிறேன். தகரத்தோடு ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டு, அதிலிருந்து பரண்வரை கயிறு இழுத்துவிடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து இழுத்தால் டங்டங்கென்று அடிக்கும். பெல்லட் செலவும் இல்லை, பக்கத்துத் தோட்டத்துப் பயமும் இல்லை. நிலக்கடலைக்கு விதைத்து முளைத்து வரும் நாட்களும், மக்காச்சோளத்துக்குக் கதிர் பால் பிடிக்கும் நாட்களும்தான் முக்கியமான காவல் காலம். பளபளக்கும் ரிப்பனைப் பயிருக்குச் சற்று மேலே முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிரும், மின்னும். எதையும் ஒரே இடத்தில் விட்டுவைத்தால் பறவை பழகிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

நீங்கள் பறவையைச் சுடுவதில்லை என்று எழுதியிருப்பது நல்ல விஷயம். படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது வேட்டைக்குக் கொடுத்த உரிமம் அல்ல. மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கிளியும் குரங்கும் பாதுகாக்கப்பட்டவைதான். கொன்றால் மட்டும் குற்றம் என்றில்லை, காயப்படுத்துவதும் அந்தச் சட்டத்தின்படி வேட்டைதான். தெருநாயையோ வேலி தாண்டிய மாட்டையோ சுட்டால் அதற்கு 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு இந்தத் துப்பாக்கி எந்த வகையிலும் ஆகாது. வனத்துறைக்குத்தான் தகவல் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என் மகன் ஏர் கன் சுடும்போது நாலைந்து பெல்லட்டை உதட்டில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறான். சொன்னால் கேட்பதில்லை. கீழே சிந்தியதைக் கோழிகள் பொறுக்குகின்றன. இதனால் ஏதும் கெடுதல் உண்டா?
– ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: உண்டு அம்மா, கட்டாயம் நிறுத்த வேண்டும். பெல்லட் ஈயத்தால் ஆனது. ஈயம் சிறிது சிறிதாக உடம்பில் சேர்ந்து பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. பெல்லட்டைச் சட்டைப்பையிலோ வாயிலோ வைக்காமல் ஒரு சிறு மூடி டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். தவறி ஒன்றை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எக்ஸ்ரேயில் ஈயம் தெளிவாகத் தெரியும்.

கோழிக்கு இரைப்பையில் கல்லை வைத்து அரைக்கும் பழக்கம். பெல்லட்டையும் கல்லென்று நினைத்து விழுங்கும். அது அரைபட்டு இரத்தத்தில் ஈயம் சேரும், முட்டையிலும் வரும். அந்த முட்டையை வீட்டுப் பிள்ளைகள்தானே சாப்பிடுகிறார்கள்? எனவே கோழி மேயும் இடத்தில் சுட வேண்டாம். மண்மேட்டுக்கு முன் ஒரு பழைய தார்ப்பாயை விரித்துவிட்டால், அடிபட்டு விழும் பெல்லட்டைத் திரட்டி எடுத்துவிடலாம். கோழி சோர்ந்து, இறக்கை தொங்கி, இரை எடுக்காமல் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் பெல்லட் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மகன் சிறு வயது என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். யாருக்காவது கண்ணில் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்கவோ, தண்ணீர் விட்டுக் கழுவவோ, குண்டை எடுக்கவோ முயலாதீர்கள். கண்ணை அழுத்தாதபடி ஒரு பேப்பர் கப்பை மேலே கவிழ்த்து ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள். உடம்பில் பட்டால் துளை சிறிதாகத்தான் தெரியும். அதை நம்பி வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டிவிடக் கூடாது.

கேள்வி: குழலில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுச் சுட்டால் சத்தமும் புகையும் வருகிறது, வேகமும் கூடுகிறது. பெல்லட் தளர்வாக இருந்தாலும் நன்றாகப் போகிறது. இப்படிச் செய்யலாமா?
– சேலம் மாவட்ட வாசகர்

பதில்: வேண்டாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே எப்படி டீசல் பற்றுகிறது? காற்று அமுங்கிச் சூடாவதால். உங்கள் துப்பாக்கியின் சிலிண்டரிலும் அதேதான் நடக்கிறது. எண்ணெய் உள்ளே போய்ப் பற்றி வெடிக்கிறது. தையல் மெஷின் ஆயில் விட்டாலும் இதே கதைதான். வேகம் ஒரு குண்டுக்கு ஒரு மாதிரி இருக்கும், எனவே குறி நிற்காது. வாசர் கருகும், ஸ்பிரிங் உடையும். தளர்வு என்றால் தலை பெரிய பெல்லட் வாங்குவதே மருந்து. குழலைச் சுத்தம் செய்ய எண்ணெய் வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து உலர்ந்த மெல்லிய துணியை இழுத்துத் துடைக்கச் சொன்னால் போதும். வெளியிரும்புக்குத் துரு வராமல் இருக்க ஒரு துணியில் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: நெல் வயலில் எலித் தொல்லை. ஏர் கன் வாங்கினால் கட்டுப்படுமா? எந்தப் பெல்லட் வாங்கலாம்?
– நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்

பதில்: அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். வயல் எலி இரவில் வரும், வரப்பு வளைக்குள் குடும்பமாக இருக்கும். ராத்திரி முழுக்க விழித்து ஒன்றிரண்டைச் சுட்டாலும் வளையில் உள்ளவை பெருகிக்கொண்டே இருக்கும். உங்கள் பக்கத்துக்காரர்களே செய்யும் தஞ்சாவூர் வில் கிட்டி இதைவிட நன்றாக வேலை செய்யும். ஒரே இரவில் ஏக்கருக்குப் பல கிட்டி வைக்கலாம். வரப்பை அகலமாக விடாமல் ஒடுக்கமாக வெட்டி, களை இல்லாமல் வைத்தால் வளை போட இடம் கிடைக்காது. வயலில் ஆங்காங்கே ஆந்தை உட்காரக் குறுக்குக் கட்டை வைத்த கம்பு நடுங்கள். கூகையும் ஆந்தையும் சம்பளம் வாங்காத காவலாளிகள். ஈயக் குண்டு பாய்ந்த எலியை ஆந்தை தின்றால் அதற்கும் ஈய விஷம் ஏறும், அதையும் யோசியுங்கள். நடவு முடிந்த கையோடு ஊரே சேர்ந்து ஒரே நாளில் கிட்டி வைத்தால் பலன் கூடும். ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் அடுத்த வயல் எலி நாளை உங்கள் வயலுக்கு வந்துவிடும்.

திருப்பூர் வாசகருக்கு மறுபடி ஒரு வரி: மூன்று துப்பாக்கிக்கும் ஒரே டப்பா என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று என்று டப்பாவின் மேல் பெயர் எழுதி வையுங்கள். மண்மேடு போட்ட பிறகு, களை எடுக்க வரும் பெண்களிடம் எந்த நேரம் எந்தப் பக்கம் சுடுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.